மாற்றி வைத்த கண்

ஆலங்குளம் பக்கத்தில் ஒரு காதுகுத்து வீட்டில் ஃபிளாஷ் அடித்துப் பிள்ளைக்குக் கண் போய்விட்டதாம். சிமெண்ட் ஆலைப் பக்கம் போகிற பஸ்ஸில் யாரோ சொன்னதைப் பந்தல் போடும் பேச்சிமுத்து கேட்டு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தேவஇரக்கம் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். எந்த வீடு, பிள்ளைக்கு என்ன பேர், படம் எடுத்தவன் எவன் என்று அண்ணன் கேட்டிருக்கிறார். "அம்புட்டும் தெரிஞ்சா நான் ஏன் பந்தக்கால் ஊணிக்கிட்டுக் கெடக்கேன், பேப்பர்ல எழுதிப் பொழைச்சிருக்க மாட்டேனா?" என்றாராம் பேச்சிமுத்து.

அதற்குப் பிறகு அண்ணன் கேமராவைத் தூக்கினாலே தாய்மார்கள் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடினார்கள். "அண்ணாச்சி, லைட்டு வேண்டாம், சும்மா எடுங்க." கல்யாண மண்டபத்து வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் முகம் கருக்கும், ஆடுகிற பிள்ளை கலங்கிப்போகும். அதற்கும் ஏச்சு அவருக்குத்தான் விழும்.

அப்போது நான் மஸ்கட்டில் இருந்தேன். அவர் என் பெரியம்மா மகன். ஊரிலிருந்து வேலை நேரத்தில் போன் வந்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் எடுப்பேன். அது தெரிந்து அவரும் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்.

"ஏலே, எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ. மொதல்ல மூச்சு விடு. லீவுக்கு வரும்போது ஒரு ஃபிளாஷ் வாங்கிட்டு வா. பிள்ளைகள் கண்ண ஒண்ணும் செய்யாததாப் பாத்து வாங்கு."

"அது எந்த ஃபிளாஷ்ணே?"

"தெரிஞ்சா உன்னை எதுக்குக் கேக்கேன்? நீதான ரெண்டு பாஷையும் படிச்சவன். தேடிப் பாரு."

தேடிப் பார்த்தேன். சாதாரணமாக அடிக்கிற ஃபிளாஷால் பிள்ளைக்குக் கண் போகாது என்று தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழியிலும் இருந்தது. சொன்னேன். "அத நான் நம்பி என்னலே செய்ய, தாய்மாருல்லா நம்பணும்" என்றார்.

மஸ்கட்டில் ஒரு கேமராக் கடையிலிருந்து வீடியோவில் அவரைக் கூப்பிட்டேன். மேசையில் இரண்டு ஃபிளாஷ்கள். ஒன்று சின்னது, அடக்கமானது, ஆனால் தலை அசையாது. இன்னொன்று பெரியது, தலையை மேலேயும் பக்கத்திலும் திருப்பலாம். இரண்டுமே அவருடைய கேமராவுக்குச் சேரும் என்றார் கடைக்காரர். சின்னதே பயமில்லாதது என்று அண்ணன் முதலில் அதைத்தான் கேட்டார்.

"சின்னது நேரா மொகத்துலதான் அடிக்கும்ணே. பெருசுன்னா தலையத் திருப்பிக் கூரையப் பாத்து அடிக்கலாம். வெளிச்சம் மேல பட்டுச் செதறிக் கீழ வரும். கண்ணு கூசாது."

"பொறவு எதுக்கு அம்புட்டுப் பெருசு?"

"கூரை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும்லா. வாரதுக்குள்ள பாதிக்கு மேல செத்துப்போகும். அதான் சக்தி கூட வேணும்."

"மொகத்தப் பாத்து அடிக்காதுல்லா? அப்ப அதையே வாங்கு" என்றார். பிறகு, "பழைய ஃபிளாஷ் இப்ப படத்துல கண்ணுல வெள்ளையாட்டும் என்னமோ போடுது. அதுக்கும் ஒரு வழி பொறக்கும்" என்று சேர்த்துக்கொண்டார். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அண்ணனுக்கு ஊரில் பேர் வாங்கிக் கொடுத்ததே கண்தான். குடும்பப் படத்தில் யாராவது கண்ணை மூடிவிட்டால், வேறொரு படத்திலிருந்து அவர்கள் கண்ணை எடுத்து வைத்துவிடுவார். மாற்றி வைத்தது பெற்ற தாய்க்கும் தெரியாது. செத்தவர்களுக்கும் அவர் கண் திறந்திருக்கிறார். நல்ல படம் ஒன்று கூட இல்லாமல் போய்ச்சேர்ந்தவர்களை நாற்காலியில் சாய்த்து எடுத்த படத்தைக் கொண்டுவருவார்கள். மாலை போட்டு மாட்ட வேண்டுமே. அண்ணன், தம்பி, மகன் என்று சாடை ஒத்த ஒருவரின் கண்ணை எடுத்து அவர் பொருத்துவார். ஒரு தடவை மகனின் கண்ணைத் தகப்பனுக்கு வைத்துக் கொடுத்தபோது, அந்த வீட்டம்மா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த மனுசன் உசுரோட இருந்தப்ப ஒரு நாளாவது என்னை இப்படிப் பாத்திருப்பாரா" என்று அழுதார்களாம். அண்ணன் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவார். சொல்லி முடித்ததும் பயந்தது மாதிரி வாயைத் துடைத்துக்கொள்வார்.

பயந்த சுபாவம். புது ஃபிளாஷை நான் கொண்டுவந்து கொடுத்ததும் முதலில் தன் முகத்துக்கு நேரே பிடித்து அடித்துப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். மறுபடி அடித்தார்.

"அண்ணே, போதும்."

"தெரியுதான்னு பாக்கேன்லே. தெரியுது."

உள்ளேயிருந்து மதினி வந்தார்கள். பரிபூரணம் என்று பேர். அந்தப் பேருக்கு ஏற்றபடி எதிலும் குறை வைக்காமல் பேசுவார்கள். "உங்களுக்குக் கண்ணு முன்னால உள்ளதே தெரியாது, இதுல புதுசா என்ன போயிரப்போவுது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்சாவுக்கு முதல் பிறந்தநாள். ராஜபாளையத்தில் நூற்பாலையில் ஃபிட்டராக இருக்கும் பென்சனின் மகள். மூன்று மாதத்துக்கு முன் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோதும் அண்ணன்தான் படம் எடுத்தார். காலையில் வீட்டில் புதுச் சட்டையோடு படம், பிறகு சபையில் ஜெபம். உதவிக்கு நானும் போனேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, ஒழுகுதான்னு பாக்கீயளா?" என்றார் பென்சன்.

"இல்ல தம்பி, வெள்ளை அடிச்சிருக்கான்னு பாத்தேன். இன்னைக்கு உங்க கூரைதான் எனக்கு லைட்டு."

கேமராவைக் கண்டதும் தாய் இவாஞ்சலின் பிள்ளையைத் தோளில் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "ஆலங்குளத்துல ஒரு பிள்ளைக்கு..." என்று தொடங்கினாள். அண்ணன் ஃபிளாஷைத் தன் முகத்துக்கு நேரே திருப்பி அடித்துக்கொண்டு, குருடனைப் போல் கையை நீட்டித் தடவினார். பிள்ளை கெக்கலித்துச் சிரித்தது. இவாஞ்சலினும் சிரித்துவிட்டாள்.

"இந்த லைட்டால பாப்பாவுக்கு ஒண்ணும் வராது தாயி. நான் பொறுப்பு" என்றார் அண்ணன்.

படங்கள் அருமையாக வந்தன. கூரையில் பட்டு இறங்கிய வெளிச்சத்தில் பிள்ளையின் கன்னம் வெண்ணெய் மாதிரி இருந்தது. கண் இரண்டும் கறுகறுவென்று இருந்தன. "வெள்ளை போச்சு பாத்தியா, பழைய ஃபிளாஷ் செஞ்ச வேலை" என்று என் காதில் சொன்னார். எது வெள்ளை என்று நான் அப்போதும் கேட்கவில்லை.

சபையில் கூரை வெகு உயரம். அண்ணன் அடித்த வெளிச்சம் மேலே போனது, திரும்பவே இல்லை. படம் இருட்டாக விழுந்தது. சபைப் போதகரான ஐயர் பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். ஃபிளாஷின் தலையை நேராகத் திருப்பினார். பின்னால் தள்ளிப்போய் நின்று, தூரத்திலிருந்து அடித்தார். நேராக, முகத்தில். இவாஞ்சலின் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையசைத்தார். வேறு வழியில்லாமல் இன்னும் சில படங்களும் அப்படியே எடுத்தார்.

மத்தியானம் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். வீட்டுப் படங்களைக் கடந்து சபைப் படம் வந்ததும் அண்ணன் சிரித்தார். "இந்தா, இதுவும் அதே வேலையைக் காட்டுது பாரு." பெரிதாக்கினார். அக்சாவின் வலது கண்ணின் நடுவில் சிவப்பு. இடது கண்ணின் நடுவில் வெள்ளை. இருட்டில் டார்ச் அடித்தால் பூனைக் கண் மின்னுமே, அந்த மாதிரி.

அவருடைய சிரிப்பு நின்றது. பக்கத்தில் நின்ற தாயின் கண்களைப் பெரிதாக்கினார். இரண்டும் சிவப்பு. பின் வரிசையில் யார் மடியிலோ இருந்த குழந்தைக்கு இரண்டும் சிவப்பு. அடுத்த படம். அக்சாவுக்கு இடது கண் வெள்ளை. அதற்கடுத்ததிலும் அப்படியே. அண்ணன் ஹார்டு டிஸ்க்கை மாட்டி ஞானஸ்நானப் படங்களைத் திறந்தார். அவை அவர் திருத்தக் கை வைப்பதற்கு முந்திய படங்கள். அதே இடது கண். அதே வெள்ளை.

"ஆல்பத்துல இதைப் பாத்து யாரும் கேக்கலையாண்ணே?"

"எப்படிக் கேப்பாவ? வலது கண்ண எடுத்துத் திருப்பி வச்சுக் கொடுத்துட்டேன்." அவர் அந்தக் கண்ணை இன்னும் பெரிதாக்கினார். "பழைய ஃபிளாஷ் மக்கர் பண்ணுதுன்னு நெனச்சேன்லே. இப்ப ஃபிளாஷ் வேற, நேரா அடிச்சா இதுலயும் தெரியுது. கண்ணு மட்டும் அதே கண்ணு. நீ தேடிப் பாரு, என்ன போட்டிருக்குன்னு பாரு."

போனில் தேடினேன். ஆங்கிலத்தில் இருந்ததை மனதுக்குள் படித்தேன்.

"தமிழ்ல சொல்லுலே."

"மூணு காரணம் போட்டிருக்குண்ணே. ஒண்ணு, பாக்குற கோணத்தால சும்மா அப்படித் தெரியலாம். ரெண்டு, கண்ணுக்குள்ள புரை இருக்கலாம். எதுவானாலும் கண் டாக்டர் உடனே பாக்கணுமாம்."

"மூணாவது?"

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"மூணுன்னு சொன்னியே. மூணாவது என்னலே?"

"கட்டி. கண்ணுக்குள்ள. சீக்கிரம் பாத்தாப் பிழைக்க வைக்கலாமாம். தள்ளிப்போட்டா உசுருக்கே ஆபத்தாம்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மதினி மெதுவாகச் சொன்னார்கள்: "நீங்க போய்ச் சொன்னா, ஒங்க லைட்டாலதான்னு சொல்லுவாவ. ஆலங்குளத்துக் கதைக்கு இப்ப ஊரும் பேரும் கெடைச்சிரும்."

"அப்ப சொல்ல வேண்டாங்கியா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? சட்டையை மாத்துங்க. பயந்துக்கிட்டே போங்க, ஆனா போங்க."

ஹார்டு டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக் கேமராப் பையில் வைத்துக்கொண்டார். வழி நெடுக ஸ்கூட்டரை நான்தான் ஓட்டினேன். பின்னாலிருந்து அவர் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தார். "தம்பி, ஒரு விசயம்... இல்ல, தாயி, பயப்படாதீய..." ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்தினார்.

வீடு பூட்டியிருந்தது. காலையில் கட்டிய பலூன்கள் கம்பிக் கதவில் அப்படியே ஆடின. எதிர்வீட்டு சுப்புராஜ் வெளியே வந்தார். வீட்டுக்குள் பார்த்துத் தெலுங்கில் ஏதோ கேட்டுத் தெரிந்துகொண்டு எங்களிடம் வந்தார்.

"சர்ச்சுல இருந்து வந்ததும் பாப்பா கண்ணைக் கசக்கிக்கிட்டே இருந்துச்சு. தண்ணியா வடிஞ்சது. போட்டோக்காரர் நேரா மூஞ்சியில லைட்டை அடிச்சிட்டாராம்ல." கேமராப் பையைப் பார்த்தார். "நீங்கதானா அது?"

"நான்தான்" என்றார் அண்ணன். "எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காவ?"

"ஆஸ்பத்திரிக்கு எங்க போனாங்க? ஆலங்குளத்துக்குப் போயிருக்காங்க. அங்கதான முன்னால ஒரு பிள்ளைக்கு இந்த மாதிரி ஆச்சு? அந்த ஊர்ல இதுக்கு எண்ணெய் விடுற அம்மா ஒண்ணு இருக்காம். எண்ணெய் விட்டு இருட்டுக்குள்ளயே வச்சிருந்தா லைட்டுச் சூடு எறங்கிருமாம். எறங்குற வரைக்கும் அங்கதான்."

"ஆலங்குளத்துல எந்த வீடு?"

"அது தெரியாதே. அந்த அம்மா பேரும் தெரியாது."

அண்ணன் திண்டாடிப் போய்க் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் போனில் பென்சனைக் கூப்பிட்டார். ஒரு மணி அடித்து, துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை மணி அடிக்கும் முன்பே துண்டிக்கப்பட்டது.

"பேரப் பாத்துட்டுக் கட் பண்ணுதான்" என்றார். "ஒன் போனக் குடு."

"என்னோடது மஸ்கட் நம்பர்ணே. வெளிநாட்டு நம்பர்னா ஏமாத்துக்காரன்னு எடுக்க மாட்டாவ."

"எடுத்தாலும் எடுப்பாவ. போடு."

எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் வைத்து அவர் கையில் கொடுத்தேன். மணி போகத் தொடங்கியது.

"மொதல்ல என்ன சொல்ல?" அண்ணன் என் பக்கம் திரும்பினார். "லைட்டால இல்ல, மூணு மாசத்துக்கு முன்னயே இருந்துச்சுன்னு சொல்லணும். ஆல்பத்துல இல்லையேம்பான். நான்தான் கண்ண மாத்தி வச்சேன்னு மொதல்ல அதைச் சொல்லணும், இல்லையாலே? அதைச் சொன்னாத்தான் மிச்சத்தை நம்புவான்."

"ஆமாண்ணே. அதையே மொதல்ல சொல்லுங்க."

சுப்புராஜ் நகராமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் விழுகிற அமைதியில், எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து வாயைத் திறந்தார். "தம்பி, எண்ணெய் விட்டுறாதீய" என்றார் ஒரு தடவை. அந்தப் பக்கம் யாரும் இல்லை. அடுத்த மணி அடித்தது.