மலை தாண்டாத ரேடியோ

குவைத்தில் நான் வேலை செய்யும் வீட்டில், விடியற்காலையில் குழாயைத் திறந்தாலும் சுடுதண்ணீர்தான் வரும். மொட்டைமாடித் தொட்டி வெயிலில் அப்படிச் சூடேறிக் கிடக்கும். வந்த புதிதில் யாரோ எனக்காகச் சுடவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். கூத்துதான்! இலங்கையில் நமுனுகுல மலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் முகம் கழுவினால் பல் கிட்டிக்கொள்ளும். இங்கே பாத்திரம் கழுவிக்கொண்டே, போனைச் சீனி டப்பாவில் சாய்த்துவைத்து இன்டர்நெட்டில் பதுளை ரேடியோவின் காலை நிகழ்ச்சியைக் கேட்பேன். அங்கே ஏழரை என்றால் இங்கே ஐந்து. முதலில் ஊர் விருந்தாளி ஒருவர், கோயில் கமிட்டித் தலைவரோ முன்பள்ளி டீச்சரோ, மைக் கிடைத்த சந்தோஷத்தில் நிறுத்தாமல் பேசுவார். அப்புறம், வாரத்தில் ஒருநாள் டாக்டர் வருவார். நேயர்கள் போனில் நோயைச் சொல்லி யோசனை கேட்பார்கள்.

சின்ன வயதில் அந்த ரேடியோ எங்கள் லயத்து வீட்டில் ஒழுங்காக எடுக்காது. அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோடிப்புறம் அலைவார். மலைக்கு அந்தப் பக்கம் சுத்தமாக எடுக்காது. அத்தை அங்கே கல்யாணமாகிப் போனபோது, இனி நம்ம ரேடியோ அவளுக்குக் கேட்காதே என்றுதான் அப்பா ரொம்ப வருத்தப்பட்டார்.

அன்று டாக்டர் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு நேயர் வந்தார். பெயர் வேண்டாம் என்றார். குரல் போதாதா எனக்கு? தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியே ஓய்ந்துபோன என் அப்பா. கால் பெருவிரல் புண் மாதக்கணக்காக ஆறவில்லை, இப்போது கறுத்துவிட்டது, தொட்டாலும் உணர்ச்சியில்லை என்று யாருக்கோ வந்த நோய் மாதிரி சொன்னார். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார் டாக்டர்.

“போனா கால எடுத்துருவாங்கன்னு பயமா இருக்குங்க,” என்றார் அப்பா. “மக வெளிநாட்டுல இருக்கு. அதுக்குத் தெரிஞ்சா அழுதே செத்துரும்ங்க.”

நெஞ்சில் கைவைத்து அப்படியே நின்றேன். உள்ளே வந்த மேடம், நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். நல்ல மனுஷிதான். அவரிடம்தான் என் பாஸ்போர்ட் இருக்கிறது. ஒப்பந்தம் முடியாமல் கேட்டால் என்ன நடக்கும் என்று இங்கே வந்திருக்கிற பெண்களுக்குத் தெரியும்.

மத்தியானம் அப்பாவிடம் பேசினேன். உடம்பு, கை கால் எல்லாம் எப்படி என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். காலுக்கென்ன, நல்லாத்தான் நடக்குது என்று சிரித்தார். பக்கத்து வீட்டுச் செல்வியக்காவைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். கம்பளியை இழுத்துக் காலை மூடிக்கொண்டாராம். நான் ரேடியோவில் கேட்டுவிட்டேன் என்று உடைத்துச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்த டாக்டரிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவார், அவ்வளவு பிடிவாதம். மலையைத் தாண்டாத ரேடியோ கடலைத் தாண்டி வருகிறது என்று தெரியாததால்தான் அங்கேயாவது உண்மையைச் சொல்கிறார். நான் என்னதான் செய்வேன்?

பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் டாக்டர் வந்த காலையில் நானே ரேடியோவுக்குப் போன் போட்டேன். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று அறிவிப்பாளர் கேட்டார். பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎல என்று வாய் கூசாமல் சொன்னேன். போன வாரம் பேசிய ஐயா ஆஸ்பத்திரிக்குப் போனாரா தெரியவில்லை, தயவுசெய்து போகச் சொல்லுங்கள், எங்கள் அப்பாவுக்கும் அதே புண்தான் என்றேன். அறிவிப்பாளர் நன்றி சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டார்.

மறுநாள் அப்பா மிஸ்டு கால் கொடுத்தார். திருப்பி எடுத்தேன்.

“நேத்து ரேடியோல ஹாலிஎல புள்ள ஒன்னு பேசுச்சும்மா. ஒங் கொரல் மாதிரியே இருந்துச்சு,” என்றார். “யாரு பெத்த புள்ளையோ, பாவம். அதோட அப்பாவாச்சும் நல்லாருக்கணும்.”

ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை ஹாலிஎலயில் இருக்கிறவள்தான் கேட்கலாம். குவைத்தில் இருக்கிற நான், சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டேன்.