பவ்வியமாக ஓடிய பந்தய என்ஜின்

சுனாமியில் கடல் வந்து போன பிறகு எங்கள் தெருவில் மிஞ்சியவற்றுள் யாருக்கும் உதவாதது பக்கத்து வீட்டு, போர்த்துக்கேய வழி வந்த பறங்கி அங்கிளின் கார்தான். பந்தயத்துக்கென்று முடுக்கிய என்ஜின், இரட்டைக் கார்புரேட்டர். மணிக்கு நூறு மைல் போகும். போக விடத்தான் மட்டக்களப்பில் இடமில்லை. சண்டைக் காலம், ஒரு சோதனைச் சாவடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்றாவது கியர் போடுவதே பேராசை.

உப்புத் தண்ணீர் குடித்த அந்த என்ஜினை நான்தான் கழற்றிக் கழுவி, சிலிண்டரைத் தேய்த்து, புது ரிங் போட்டுப் பூட்டினேன். சிலிண்டர் சுவரில் படியும் எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புவது ரிங்கின் வேலை. புது ரிங் அந்தச் சுவரோடு உரசிப் பழக வேண்டும். அதற்கு என்ஜின் மூச்சுப் பிடித்து இழுக்க வேண்டும். பந்தய என்ஜினில் பிஸ்டனைச் சுற்றி இடைவெளியும் அதிகம், நன்றாகச் சூடேறினால்தான் அது பொருந்தும். மெல்ல ஓட்டினால் எண்ணெய் மேலேறி எரியும்.

"அங்கிள், இதை அடிச்சு ஓட்டணும்" என்றேன்.

"அப்பிடி ஓட்டினா ஆமிக்காரனுகள் சுட்டுப்போட்டுத்தான் ஏனெண்டு கேப்பானுகள், மனே."

அதனால் ஞாயிறு தோறும் மாதா கோயிலுக்கு மட்டும், முட்டைக் கூடை ஏற்றியவர் போல ஓட்டினார். பின்னால் நீலப் புகை. குழாயடியில் பெண்கள், "நுளம்புக்குப் புகையடிக்க வந்திட்டாங்க, பிள்ளையளை உள்ள கூப்பிடுங்க" என்று அதைக் கொசு மருந்து வண்டியாக்கிச் சிரிப்பார்கள்.

சண்டை முடிந்தது. அங்கிளின் மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும் இந்த ஒரு நாளுக்காகவே அங்கிள் காரை விற்காமல் வைத்திருந்தார். மகளோ, "இதில போனா என்ர வெள்ளை உடுப்பு கறுத்துப்போகும். வேன் பிடியுங்க பப்பா" என்றாள்.

முகம் செத்துப்போய் என்னிடம் வந்தார். "தடிச்ச எண்ணெய் ஊத்திப் பாப்பமா?"

"எண்ணெயில குற்றமில்ல அங்கிள். உங்கட காலிலதான்."

மகளையும் ஏற்றிக்கொண்டு மூவரும் பனிச்சங்கேணிப் பக்கம் போனோம். ஆளில்லாத றோட்டு. ஆனால் சாவடி இருந்த இடம் ஒவ்வொன்றிலும் அங்கிளின் கால் தானாகத் தளர்ந்தது, கண்ணாடி இறங்கியது, கை சட்டைப் பைக்குள் அடையாள அட்டையைத் தேடியது.

"இறங்குங்க பப்பா, நான் ஓட்டுறன்."

"அங்க ஆமி நிக்கும், பிள்ள."

"எங்க? காட்டுங்க."

அங்கே இரண்டு ஆடுகள் நின்றன. அவள் மிதித்தாள். முதலில் பின் கண்ணாடியில் வாவியே தெரியாத அளவு புகை. திரும்பி வரும்போது வாவி தெரிந்தது. இன்னும் சில நாள் அதே ஓட்டம் ஓடினாள், புகை நின்றது.

கலியாணத்தன்றும் அவளே கார்த் திறப்பை வாங்கிக்கொண்டாள். "நீங்க ஓட்டினா பாதர் சாப்பிடப் போயிருவார்." அங்கிள் கோட்டுப் போட்டுப் பக்கத்தில் இருந்தார், பின் சீட்டில் எதற்கும் இருக்கட்டுமென்று எண்ணெய்ப் போத்தலோடு நான். பின்னால் துளிப் புகை இல்லை. பழைய சாவடி வளைவு வந்தது. அங்கிள் கண்ணாடியை இறக்கினார். காற்று புகுந்து மணப்பெண்ணின் முக்காட்டைத் தூக்கி அவள் முகத்தில் அடித்தது.

"கண்ணாடியை ஏத்துங்க பப்பா, எனக்கு றோட்டுத் தெரியல்ல."