கேட் பாஸில் நான் எழுதிய "காலி"

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு கேபிள் கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தது 1993-ல். வயரின் மேலுறைக்கான பி.வி.சி. பவுடர் வளைந்துகொடுக்க, அதில் பிளாஸ்டிசைசர் என்ற திரவத்தைக் கலப்பார்கள். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும், வாடை கிடையாது. நாங்கள் "ஆயில்" என்போம். மிக்ஸிங் ஆபரேட்டர் முனிரத்தினம் கையுறை இல்லாமல்தான் அதை அளந்து ஊற்றுவான். நாற்றம் அடிக்காத எதற்கும் அன்றைக்கு யாரும் பயப்படவில்லை, நான் உட்பட.

ஆயில் வரும் நீல பிளாஸ்டிக் டிரம் காலியானதும், வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்க அதற்குத்தான் கம்பெனியில் அடிபிடி. முனிரத்தினம் குடியிருந்த ஈஜிபுராவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும்.

"சார், ஸ்வல்ப மனசு வைங்க. வீட்ல ரெண்டே குடந்தான் இருக்குது. சரசு தெருத்தெருவா அலையறா" என்றான். சரசு அவன் மனைவி.

பெரிய தர்மப்பிரபு என்ற நினைப்பு எனக்கு. வரிசையில் அவனை முன்னால் தள்ளி, கேட் பாஸில் "டிரம் 1, காலி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சோப்புத் தூள் போட்டு மூன்று முறை கழுவினார்களாம். குடிக்க, சமைக்க எல்லாம் அதிலிருந்துதான். பழசானால் வேறு கேட்பான், கொடுப்பேன். மொத்தம் நான்கு கொடுத்திருக்கிறேன்.

பதினான்கு வருடம் கழித்து, ஒல்லிக்குச்சியாக இருந்த அவனுக்குச் சர்க்கரை வந்தது. வயது முப்பத்தெட்டு. பிறகு சரசுவுக்கும் வந்தது. இரண்டு பேர் வீட்டிலும் அதற்கு முன் யாருக்கும் இல்லை. புண் ஆறாமல் அவனுடைய கால்விரல் இரண்டை எடுத்தார்கள். அந்தச் சமயத்தில் புதிதாக வந்த சேஃப்டி ஆபீசர், "இந்த டிரம்மை யாராவது வீட்டுக்குக் கொண்டு போறீங்களா?" என்று கேட்டார்.

கம்பெனி டாக்டரிடம் போய் டிரம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன்.

"இந்த மாதிரி கெமிக்கல் சர்க்கரை வர்றதுக்கு வழி பண்ணலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. இவங்களுக்கு அதனாலதான்னு சொல்ல முடியாது. அதனால இல்லன்னும் என்னால சொல்ல முடியாது" என்றார் அவர்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எந்த முகத்தோடு போவது என்று தள்ளிப் போட்டேன். இரண்டு மாதம் கழித்துத்தான் ஈஜிபுரா போனேன்.

"வாங்கண்ணா" என்று சரசு நாற்காலி போட்டாள். உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னேன். முனிரத்தினம் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சரசுதான் கேட்டாள். "நாளைக்கு தண்ணி வருங்கண்ணா. எதுல புடிக்கறது?"

மறுநாள் காலையில் புது டிரம் வாங்கிக்கொண்டு போனேன். அது மனசுக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

இப்போது ஸ்டோரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கெமிக்கல் டிரம்மின் அடியில் ஓட்டை போடாமல் கேட்டுக்கு வெளியே விடாதீர்கள். கேட்டவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். சந்தேகம் வந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். நான் யோசித்துக்கொண்டிருந்த இரண்டு மாதமும் அவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.