குப்பையரை அழித்த மத்தியானம்

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தக் கீபோர்டை டெட்டால் ஊற்றிக் கழுவியது என் கை. கழுவக் கழுவ விரலில் ஒட்டியது என்ன என்பது எனக்குத்தான் தெரியும். அது நடந்தது.

1995. ஜார்ஜ்டவுன், சூலியா தெரு. மலாயில் நாசி கண்டார் எனப்படும் கறிச்சோற்றுக் கடை ஒன்றின் மாடியில் கம்ப்யூட்டர் வைத்து டைப்பிங் வேலை செய்துகொண்டிருந்தேன். அன்று காலை பத்மாவதி டீச்சர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அப்பா கனகசுந்தரம் துறைமுக ஆபீஸில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். எண்பத்திரண்டு வயது. டீச்சர் தன் மகள் கல்யாணத்துக்காகக் குடும்ப மரம் ஒன்றை அச்சடித்து ஹாலில் மாட்ட நினைத்தார். அதற்கென்றே ஒரு புரோகிராம் வாங்கி வந்திருந்தார்.

ஒரே ஆளின் பெயரை ஒவ்வொரு ஆபீஸும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தால், எல்லாவற்றையும் சேர்த்துப் பதிய அதில் தனி இடம் உண்டு. பெரியவருக்கு நான் மூன்று பெயர் பதிந்திருந்தேன். டீச்சர் திரையைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"மீரான் தம்பி, இதெல்லாம் வேணாம். எடுத்துடுங்க."

"டீச்சர், பள்ளிக்கூடத்துல குப்பையர். துறைமுகத்துல குப்பையா. பாஸ்போர்ட்டுல கூப்பையா. எல்லாம் போட்டாத்தான் ஒரே ஆளுன்னு தெரியும்."

"சம்பந்தி வீடு டாக்டர் பேமிலி. பொண்ணோட தாத்தா பேரு குப்பைன்னு ஹால்ல மாட்டவா? ஜாதகத்துல இருக்கிற கனகசுந்தரம் போதும்லா."

"இங்க அடிக்கிற கறி வாசத்துல ஒரு பேரு நாறுனா யாருக்குத் தெரியும் டீச்சர்?"

அவர் சிரிக்கவில்லை.

"அது வீட்டுல வெச்ச பேரு தம்பி. அப்பாவுக்கு முன்னாடி பொறந்த ஆறு பிள்ளைங்களும் தங்கல. அதனால அப்பாவைப் பொறந்தன்னைக்கே குப்பை மேட்டுல போட்டு, பக்கத்து வீட்டம்மாவை எடுக்க வெச்சு, தவிடு குடுத்து திரும்ப வாங்குனாங்களாம். நாறுற பிள்ளையை எமன் தொட மாட்டானாம். பழைய கதை. அழிங்க."

அழித்தேன். குப்பையர். குப்பையா. கூப்பையா. மூன்றும் போயின. கனகசுந்தரம் மட்டும் சுத்தமாக நின்றார். அவருக்கு மேலே அவருடைய தாய், தெய்வானை. பக்கத்தில் பெயரே வைக்கப்படாத ஆறு கட்டங்கள்.

டீச்சர் திருப்தியாக வீட்டுக்குப் போனார்.

மத்தியானம் மழை பிடித்தது. சன்னலைச் சாத்தினேன். மூன்று மணி இருக்கும். மாடி இருட்டிவிட்டது.

முதலில் ஒரு நாற்றம்.

கீழே இருந்து வரும் கறி வாசம் இல்லை. புளித்துத் திரிந்த பால். ஈரத் துணியில் காய்ந்து, மறுபடி நனைந்த பால். பூனை ஏதும் குட்டி போட்டிருக்குமோ என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

நிமிர்ந்து கீபோர்டில் கை வைத்தேன். ஈரம். விரலைத் தூக்கினால் நூல் நூலாக வந்தது. வெள்ளையாக... ஆடை படிந்து... சட்டையில் துடைத்தேன். சட்டையும் நாறியது.

ச்சு... ச்சு... ச்சு...

குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிறவர்கள் நாக்கால் எழுப்பும் சத்தம். படிக்கட்டில் கேட்டது. பிறகு கதவருகில். கதவு பூட்டியிருந்தது.

போன் அடித்தது. டீச்சர்.

"தம்பி, அப்பாவுக்கு மூச்சு முட்டுது. உங்ககிட்ட பேசணும்கிறார். ஆம்புலன்ஸ் வரட்டும்னாலும் கேக்கல."

பெரியவரின் குரல் வந்தது. இழுத்து இழுத்து.

"தம்பி... என்ர பேரை அழிச்சனீரோ?"

"டீச்சர்தான் சொன்னாங்க அங்கிள்."

"சாப்பிடேக்க மகள் சொன்னவ. திருப்பிப் போடும். கெதியா. நெஞ்சில... ஆரோ இறுக்கிற மாதிரிக் கிடக்கு..."

போன் கையிலிருந்து நழுவியது. ஏனென்றால், அதே நேரத்தில் என் முதுகிலும் ஏதோ சாய்ந்தது.

மெத்தென்று. ஈரமாக.

என் தோளுக்கு மேலே ஒரு மூச்சு. திரையைப் படிப்பதுபோல் முன்னால் வந்தது. கழுத்தில் சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பாக.

ச்சு... ச்சு...

காதுக்குள்.

திரும்பவில்லை. ஓத வேண்டியதெல்லாம் மறந்துவிட்டது. தொங்கிய போனில் பெரியவரின் மூச்சு விசில் அடித்தது... நின்றது... மறுபடி அடித்தது.

வழுக்கும் விரலோடு தட்டினேன்.

குப்பையர்.

முதுகில் இருந்த பாரம் அசைந்தது.

குப்பையா.

அறை முழுக்க நாற்றம் மாறியது. அழுகிய மீன் குடல். ஊறிய சாம்பல். புழுத்த பழத்தோல்.

கூப்பையா.

பின்னால் ஓங்கரிக்கும் சத்தம்.

அதற்கு அருவருத்துவிட்டது...

உவ்வே...

பாரம் போய்விட்டது.

நானும் குப்பைத் தொட்டியில் தலையை விட்டு வாந்தி எடுத்தேன். போனை எடுத்தபோது அந்தப் பக்கம் டீச்சர் அழுதுகொண்டிருந்தார்.

"மூச்சு வந்துடுச்சு தம்பி. வந்துடுச்சு."

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எல்லாப் பெயர்களும் போட்ட அச்சைக் கொடுத்தேன். டீச்சர் மறுபேச்சு பேசாமல் வாங்கி, டீ போட உள்ளே போனார். பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அங்கிள், நேத்து வந்தது எமனா?"

"எமன் எங்க தம்பி வந்தவன்?"

யாரையோ மெச்சுகிற குரலில் சொன்னார்.

"எங்கட அம்மா நல்லவ. பிள்ளையெண்டால் உயிர். நெஞ்சோட இறுக்கி அணைச்சபடிதான் நித்திரை கொள்ளுவா. ஆறு பேரும் விடிய அவவின்ர நெஞ்சுக்குள்ளதான் நீலமாய்க் கிடந்தவையாம்."

"குப்பையில கிடந்து வந்த என்னை மட்டும் அவவுக்கு அருவருப்பு. நாறுது எண்டு, சாகுமட்டும் என்னைத் தூக்கேல்லை தம்பி. அதாலதான் நான் இருக்கிறன்."