பார்வை ஞாயிறு

அந்தப் புள்ள வகுப்புக்கே போறதில்லன்னு நீ இன்னைக்கித்தான் வந்து சொல்ற பாக்கியம், எனக்கு ரெண்டு மாசமாவே தெரியும். கேம்பஸுக்குப் போற புள்ள மேல அடிக்கிற வாசம் வேற, கடையில நின்னுட்டு வர்ற புள்ள மேல அடிக்கிற வாசம் வேற. உன் போடிங்ல வாடகைக்கு இருக்கிற மத்ததுங்க எல்லாம் காலையில ஷாம்பு வாசத்தோட மலையில இருக்கிற கேம்பஸுக்கு ஏறிப் போகுங்க, இவ மட்டும் கீழ எறங்கி கண்டி பஸ்ஸுக்கு நிப்பா. பொழுது சாய வரும்போது புதுத் துணிக் கஞ்சி வாசம் அடிக்கும். புடவைக் கடையில நிக்கிறவளுக்குத்தான் அது வரும். எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, மூக்கு இன்னும் மங்கல. உக்காரு, அந்தக் கதிரைய இழுத்துக்க.

ராத்திரியானா கேம்பஸ் பேரு போட்ட சட்டைய மாட்டிக்கிட்டு, கீழ வீட்டுப் பாவாடையோட சுவருல சாஞ்சி, அம்மாவோட வீடியோ கோல் பேசுறான்னு நீ சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்திச்சு. 'லெக்சர் முடிஞ்சி இப்பத்தாம்மா வந்தேன்'னு சொல்றாளாமே. அந்த அம்மா கொழுந்து பறிச்சிட்டு வந்த கையோட, போனத் தூக்கிப் புடிச்சி தோட்டத்து லயம் முழுக்கக் காட்டுதுன்னு சொன்ன பாரு, அப்பத்தான் சிரிப்பு நின்னு போச்சு. இப்ப அந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்றதா வேணாமான்னு என்னைய வந்து கேக்குற. கையெழுத்துக்குப் பெருவிரல் வைக்கிற பொம்பளகிட்ட கேம்பஸ் பஞ்சாயத்தக் கொண்டாந்திருக்க, நல்ல ஆளு நீ.

ஆனா நான் அந்த மலையில வளந்தவடி. நீ கல்யாணம் கட்டி இந்தப் பக்கம் வரும்போதே அது கேம்பஸாகிப் போச்சு, உனக்குத் தெரியாது. இப்ப கம்ப்யூட்டருங்குது, வியாபாரப் படிப்புங்குது, ஆணும் பொண்ணும் சேந்து படியில உக்காந்து ஐஸ்கிரீம் திங்குதுங்க. அப்பல்லாம் அது சாமியாராப் போறவங்க படிக்கிற எடம். வெள்ளக்காரச் சாமிமாரு கருங்கல்லுல கட்டி வச்சது. படிக்க வர்ற பையங்களப் 'பிரதர்'னு சொல்லுவோம். எல்லாம் வெள்ளை அங்கி. எங்கப்பா அங்க குசினியில சமைக்கிற ஆளு, எங்கம்மா வெறகு, காய் வெட்டு, பாத்திரம். குசினிக்குப் பின்னால ரெண்டு அறை குடுத்திருந்தாங்க. நாங்க மாரியம்மா கும்புடுற குடும்பம், ஆனா பூசை மணிக்குத்தான் எழும்புவோம். எங்கம்மா சண்ட போடும்போதுகூட 'ஏசுவே மாரியாத்தா'ன்னுதான் ஆரம்பிக்கும்.

சாப்பாட்டு மண்டபத்துக்கும் குசினிக்கும் நடுவுல சின்னக் கதவு ஒண்ணு, சட்டி போய் வர்றதுக்கு. அதுல தலைய விட்டுப் பாக்குறதுதான் எனக்கு வேல. அம்புட்டுப் பேரு உக்காந்து சாப்பிடுவாங்க, ஒரு பேச்சு இருக்காது. கரண்டிச் சத்தம் மட்டுந்தான். ஒரு மேட்டுல ஒரே ஒரு பிரதர் நின்னு இங்கிலீசுல பொஸ்தகம் படிப்பாரு, மத்தவங்க கேட்டுக்கிட்டே தின்னணும். அதுதான் அங்க மொற. வாரத்துக்கு ஒரு ஆளு. எனக்கு அது தெரியுமா? என்ன தப்பு பண்ணுனாரோ, எல்லாரும் திங்க இவர மட்டும் பட்டினியா நிக்க வச்சிருக்காங்கன்னு நெனச்சி, அப்பாகிட்ட அழுதிருக்கேன். அவரு, 'அடி லூசு, பொஸ்தகம் படிக்கிறவரு கடைசில திம்பாரு, அவருக்குத்தான் பெரிய மீன் துண்டு எடுத்து வச்சிருக்கேன்'னாரு.

அப்பிடிக் கடைசில திங்க வந்த பிரதர்மாருல ஒருத்தர்தான் சவரி. கெலிஓயாவுக்கு மேல ஒரு தோட்டத்துல இருந்து வந்த நம்ம புள்ள. மேட்டுல நின்னா அவருக்கு நாக்கு திக்கும். ஒரு சொல்லுல மாட்டுனா அவ்வளவுதான், 'த, த, த'ன்னு நிக்கும். கரண்டியெல்லாம் நின்னு போகும். பெரிய சாமி சின்ன மணிய ஒரு தட்டுத் தட்டுவாரு, திரும்ப முதல்ல இருந்து படிக்கணும். காது ரெண்டும் செவந்து போகும் பாவம். ஆனா குசினிக்குள்ள வந்து பலகையில உக்காந்துட்டார்னா, எங்ககூடப் பேசுறதுக்குத் திக்கவே திக்காது. 'ஏய் வாயாடி, உன் நாக்க ஒரு வாரத்துக்கு எனக்கு வாடகைக்குக் குடு'ம்பாரு என்னைய. 'வாடக என்ன தருவீங்க'ம்பேன். மீனுல பாதி தருவாரு.

பிரசங்கம் வைக்க முடியாதவரு சாமியாரா இருக்க ஏலாதுன்னு ஒரு நாள் அனுப்பிட்டாங்க. அதுக்கும் ஒரு மொற இருந்திச்சு. போறவரு விடியக் காலையில போயிருவாரு, யார்கிட்டயும் சொல்லக்கூடாது. காலைச் சாப்பாட்டுக்கு வந்து பாத்தா ஒரு கதிரை இருக்காது. மத்தக் கதிரையெல்லாம் கொஞ்சங் கொஞ்சம் நகத்தி அந்த எடத்த மூடிருவாங்க. அந்தப் பேர யாரும் வாயில எடுக்கக்கூடாது. கதிரைய நகத்துறது எங்கப்பா வேல. அன்னைக்கு நகத்திட்டு வந்து அடுப்பையே பாத்துக்கிட்டு நின்னாரு.

வீட்டுக்குத்தான் போயிருப்பாருன்னு சாமிமாரு நெனச்சாங்க. அவரு வீட்டுக்குப் போகல. அப்பா கருவாடு வாங்க கட்டுகஸ்தோட்டைக்குப் போனா, பாலத்துக்கிட்ட ஒரு முஸ்லிம் நானாவோட பலசரக்குக் கடையில சவரி பருப்பு நிறுத்துக்கிட்டு நிக்கிறாரு. அப்பாவக் கண்டதும் மூட்டைக்குப் பின்னால குனிஞ்சிக்கிட்டாரு. அப்பாவும் பாக்காத மாதிரி வந்துட்டாரு.

மாசத்துல ஒரு நாள் 'பார்வை ஞாயிறு'. பிரதர்மாரோட தாய் தகப்பன் வந்து பாக்குற நாள். சவரியோட அம்மா ஆரோக்கியம் ஒரு மாசமும் தவறாது, வெறுங்காலோட தலையில பொட்டிய வச்சிக்கிட்டு வந்திரும். அந்த மாசமும் வந்திச்சு. பலா மரத்தடியில உக்காந்திச்சு. மத்தப் பையங்க எல்லாம் அவங்கவங்க ஆளுகளோட பேசுறாங்க, இது வாசலப் பாக்குது. ஒருத்தரும் கிட்டப் போகல, அண்ணாந்து மரத்தப் பாத்துக்கிட்டுப் போறாங்க. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிச்சி எல்லாரும் உள்ள போனாங்க.

அப்பா சொன்னாரு, 'நமக்கு எதுக்கு? மேல இருக்கிறவங்க சொல்லுவாங்க.'

'மேல இருக்கிறவங்க சோறு திங்கப் போயிட்டாங்க. அவ வெயில்ல உக்காந்திருக்கா'ன்னு சொல்லிட்டு எங்கம்மா போயி கையப் புடிச்சிக் கூட்டியாந்திச்சு. கூட்டியாந்து ஒண்ணும் சொல்லல. மொதல்ல சோறு போட்டிச்சு. அந்தம்மா நல்லாத் தின்னு, கை கழுவி, தண்ணி குடிச்சி, ஏப்பம் விட்ட பொறகுதான் சொல்லிச்சு. உம் மகன் இங்க இல்ல, கட்டுகஸ்தோட்டையில கடையில இருக்கான், உசுரோட நல்லா இருக்கான்னு.

ஆரோக்கியம் அழல. பொட்டியத் தொறந்து காட்டிச்சு. முட்ட, வாழப்பழம், பணியாரம், ஒரு போத்தல் தேன். எல்லாம் தோட்டத்துச் சனங்க நம்ம சாமிக்குன்னு குடுத்தனுப்புனது. 'நான் போயி இவங்க முகத்துல எப்பிடி முழிப்பேன்? அவன வீட்டுக்கு வர வேணாம்னு சொல்லுங்க. அடுத்த பார்வை ஞாயிறு இங்க வரச் சொல்லுங்க, நானும் வர்றேன்'னிச்சு.

அதுல இருந்து தாயும் மகனும் மாசா மாசம் எங்க குசினிக்குப் பின்னால வெறகுக் கொட்டில்ல பாத்துக்கிட்டாங்க. எங்களுக்குன்னா கொண்டாட்டம்டி பாக்கியம். அந்த முட்டையும் பணியாரமும் வேற யாரு திங்கிறது? ஒரு தோட்டமே சேந்து எங்களுக்குத் தீனி போட்டிச்சு. அந்த ருசி இன்னும் நாக்குல நிக்குது. நம்ம சாமி மந்திரிச்ச தீத்தம் வேணும்னு சனங்க போத்தல் குடுத்தனுப்பும். ஆரோக்கியம் எங்க பைப்புல புடிச்சிக்கிட்டுப் போகும். அத ஊத்துனதுல ஒரு வீட்டு மாடு எந்திரிச்சி நின்னிருச்சின்னு அடுத்த மாசம் ரெண்டு போத்தலோட வந்திச்சு பாரு, எங்கம்மா முந்தானைய வாயில வச்சிக்கிட்டுச் சிரிக்குது. ஆரோக்கியமும் சிரிச்சிச்சு. சிரிச்சி முடிஞ்சி, 'எங்க கொண்டுபோய் விடப்போகுதோ இது'ன்னு சொல்லிச்சு.

மகன் வாயத் தொறந்து அவ்வளவு ஒண்ணும் கேக்க மாட்டாரு. போற நேரத்துக்கு ஒரே கேள்விதான். 'அம்மா, நான் வீட்டுக்கு வரவா?' ஆரோக்கியம் பொட்டியத் தலையில தூக்கி வச்சிக்கிட்டே சொல்லும், 'அடுத்த மாசம் பாப்போம்யா.' அடுத்த மாசமும் அதையேதான் சொல்லும்.

அந்த நேரந்தான் தோட்டத்துச் சனங்களுக்கு இந்தியாவுக்குப் போகணும்னு எழுதி வந்திச்சு. இங்கயே பொறந்து வளந்ததுகள இது உங்க ஊரு இல்லன்னு கப்பலேத்துன காலம். இவங்க குடும்பத்துக்கும் வந்திருச்சு. சவரி பேரு அதுல இல்ல. போறவங்க பேர எழுதும்போதே சுத்தி நின்ன சனம், அவரு சாமியாராகப் போறவரு, சாமிமாரு பாத்துப்பாங்க, அவரு எதுக்கு வர்றாருன்னு சொல்லிருச்சாம். இல்ல, அவன் கடையில பருப்பு நிறுக்கிறான்னு சொல்ல ஆரோக்கியத்துக்கு வாய் வரல.

கடைசியா வந்த ஞாயிறு கோழி அடிச்சிக் குழம்பு வச்சிக் கொண்டாந்திச்சு. ஊட்டி விட்டிச்சு, அம்மாம்பெரிய ஆளுக்கு. அவரு வெக்கப்பட்டுக்கிட்டே வாங்கித் தின்னாரு. போகும்போது வழக்கம் போல கேட்டாரு. இதுவும் வழக்கம் போலத்தான் சொல்லிச்சு, 'அடுத்த மாசம் பாப்போம்யா.' அவரு பாலத்துப் பக்கம் எறங்கிப் போன பொறகு, எங்கம்மா தோளப் புடிச்சிக்கிட்டு அப்பிடியே உக்காந்திருச்சு. இந்த வாரமே இந்தியாவுக்குக் கப்பலாம். 'என்னால சொல்ல முடியலக்கா. நீங்க சொல்லிருங்க'ன்னிச்சு.

அடுத்த பார்வை ஞாயிறு சவரி நேரத்தோட வந்துட்டாரு. அம்மாவுக்குன்னு ஒரு சோடி செருப்பு வாங்கியாந்திருந்தாரு, பேப்பருல சுத்தி. எங்கம்மா தட்டுல சோத்தப் போட்டுக் கையில குடுத்திச்சு. அவரு வாங்கிக்கிட்டே, 'அம்மா இன்னும் வரலையா'ன்னு கேட்டாரு. எங்கம்மாவுக்கு மறைக்க வராது. அப்பிடியே சொல்லிருச்சு.

எங்ககிட்ட ஒரு நாளும் திக்காத ஆளு பாக்கியம், அன்னைக்கு 'அ'ன்னு ஆரம்பிச்சாரு, அந்த 'அ'வுலயே நின்னுட்டாரு. 'அ, அ, அ'ன்னு கழுத்து நரம்பு பொடைக்குது, சொல்லு வரல. தட்டக் கீழ வச்சிட்டு எந்திரிச்சிப் போயிட்டாரு. ஒரு பருக்க வாயில வைக்கல. அப்பா ஓடிப் போயி செருப்புப் பொதிய நீட்டுனாரு, வாங்கல. பொறகு கடையிலயும் இல்லன்னு நானா சொன்னாரு. கொழும்புக்குப் போனாருங்கிறாங்க, மன்னாருக்குப் போயி கப்பல் துறையில நின்னாருங்கிறாங்க. கண்டவங்க இல்ல.

எங்கம்மா சாகுற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு கெடந்திச்சு. சொன்னத ஒரு நாளும் தப்புன்னு சொன்னதில்ல. 'தாய்க்குச் சோறு போட்டுட்டுச் சொன்னேனே, புள்ள தின்னு முடிக்கட்டும்னு பொறுக்க எனக்குப் புத்தி வரலையே'ன்னுதான்.

இப்ப அந்தச் சாப்பாட்டு மண்டபத்துலதான் வரிசையா கம்ப்யூட்டர் வச்சிருக்காங்களாம். மேட்ட ஒடச்சிட்டாங்க. குசினி இருந்த எடத்துல கார் நிக்குது. எங்க அறையும் போச்சு, வெறகுக் கொட்டிலும் போச்சு. பார்வை ஞாயிறுன்னு சொன்னா அந்தப் புள்ளைங்களுக்கு என்னான்னே தெரியாது. அதுங்க தெனம் ராத்திரி போன்ல பாத்துக்குதுங்க. முகத்தத்தான் பாக்குதுங்க, புதுத் துணி வாசம் அதுல வராதே.

நீ அந்த அம்மாவுக்குப் போன் போட வேணாம். உன் வாயால கேட்டா அது அடுத்த வீட்டுக்காரி சொன்ன சேதி. அந்தப் புள்ளைய இன்னைக்கிப் பொழுது சாய இங்க அனுப்பு. நாளைக்கி வேணாம், இன்னைக்கி. நெத்திலிக் கருவாடு இருக்கு, பருப்பும் வைக்கிறேன். வயிறு முட்டத் தின்னு முடிக்கட்டும், அதுக்குப் பொறகு அந்தச் சட்டையக் கழட்டி வச்சிட்டு, வீட்டுச் சட்டையோட இதே கதிரையில உக்காந்து அவளே அம்மாவக் கூப்பிடட்டும். என் வாய்தான் பெருசு, ஆனா நான் பக்கத்துல சும்மாதான் இருப்பேன். சிரிக்காத, இருப்பேன்னா இருப்பேன். தாய் அழுதா அழட்டும், ஏசுனா ஏசட்டும், கடைசில 'வீட்டுக்கு வா'ன்னு ஒரு வார்த்த சொல்லுதான்னு மட்டும் நான் கேட்டுக்கிறேன். சொல்லாட்டி, போன நான் வாங்கிப் பேசிக்கிறேன்...

ஏய், தூறுதுடி. மொத்தக் கராம்பும் முத்தத்துல காயுது. நீ அந்தப் பக்கம் சாக்கப் புடி, நான் இந்தப் பக்கம் புடிக்கிறேன். மெதுவா, சிந்தாம இழு.