பேட்டரிப் பெஞ்சின் மேல் வடக்கு

ஆசிட்டின் புளித்த நெடி மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் அப்பா வைத்திருந்த பேட்டரி சார்ஜ் கடையின் நெடி அது. லாரி பேட்டரிகள் பெஞ்சில் வரிசையாகக் கொதித்துக்கொண்டிருக்க, தட்டிக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்தோம். அந்தப் புகையில் அக்காவுக்கு இருமல் நிற்கவே இல்லை. கடையை ஒட்டிய காலி மனையில் மழைக்குமுன் வீடு எழுப்பிவிட வேண்டும் என்று அம்மா துடித்தாள்.

குறுக்கே நின்றது பெரியப்பாவின் திசைகாட்டும் "காம்பஸு". அதில் திசை பார்த்துக் கோடு போடாமல் கடைக்கால் தோண்டக்கூடாது என்பது அவர் பிடிவாதம். அம்மா மூத்தாரிடம் நேரே பேச மாட்டாள். அவர் காதில் விழும்படி அப்பாவிடம் பேசுவாள்.

"சூரியன் உதிக்கிற பக்கம் நமக்குத் தெரியாதாக்கும்? அதுக்கு ஒரு டப்பா வேணுமாக்கும்?"

பெரியப்பாவும் அப்பாவிடமே பதில் சொல்வார். "ஏலே, சூரியன் தையில ஒரு பக்கம், ஆடியில ஒரு பக்கம் உதிக்கும். முள்ளு மாறாதுன்னு சொல்லு."

முள் மாறியது. சமமான இடம் எங்கள் பெஞ்சுதான் என்று அதன் விளிம்பில் காம்பஸை வைத்து, அங்கிருந்து மனைக்குக் கயிறு பிடிப்பார். ஒருநாள் போட்ட சுண்ணாம்புக் கோடு மறுநாள் கோணலாகத் தெரியும். அழித்துவிட்டு மறுபடி போடுவார். "மண்ணுக்கடியில இரும்பு கெடக்கு" என்று குழி தோண்டச் சொன்னார். அப்பா தோண்டினார், கல்தான் வந்தது. அடுப்படியில் பாத்திரங்கள் அம்மாவுக்குப் பதிலாகச் சத்தம் போட்டன.

ஒரு காலையில் எல்லாரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்டு போனது. சார்ஜரின் உறுமல் நின்றதும் முள் ஆடி ஆடி வேறு பக்கம் திரும்பி நின்றது. கரண்டு வந்ததும் பழைய கோணலுக்கே போய்விட்டது. பெஞ்சுப் பலகைக்கு அடியில் சார்ஜரிலிருந்து பேட்டரிகளுக்கு ஆணியடித்து ஓட்டிய வயர்தான் காரணம். கரண்டு ஓடும்போது வயரைச் சுற்றியும் ஒரு காந்த இழுப்பு உண்டாகிறது. பூமி வடக்கே இழுக்க, வயர் பக்கவாட்டில் இழுக்க, முள் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. பேட்டரிகளுக்குத் தக்கபடி கரண்டைக் கூட்டும் நாளில் இன்னும் சாய்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இது விளங்க வெகுகாலம் ஆயிற்று. அம்மாவுக்கு அந்த நிமிடம் போதும்.

"மண்ணைத் தோண்டுனது போதும் மாமா, பெஞ்சைத் தோண்டுங்க" என்றாள், நேருக்கு நேராக.

சார்ஜரை நிறுத்திவிட்டுக் கோடு போட்டிருக்கலாம். தம்பி பெண்டாட்டி நேரில் பேசிவிட்ட கோபத்தில் பெரியப்பா காம்பஸைப் பையில் போட்டுக்கொண்டு தன் ஊரான மல்லாங்கிணற்றுக்குப் புறப்பட்டுவிட்டார். மறுநாள் அம்மா ஆவணிச் சூரியனைப் பார்த்தே கயிறு பிடித்தாள். மழைக்குமுன் கூரை ஏறியது. அக்காவின் இருமல் மெல்ல நின்றது.

இன்று கடை இல்லை, பெஞ்சு இல்லை, பெரியப்பாவும் இல்லை. அவர் மகன், எனக்கு அண்ணன் முறை, போன மாதம் வந்து, "வாசல் கொஞ்சம் வடக்க சாஞ்சிருக்குடா" என்று செல்போனில் திசை பார்த்தார். எங்கே வைத்து? ஓடிக்கொண்டிருந்த இன்வெர்ட்டர் பேட்டரியின் மேல். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "ஏய்யா, நீ ஒங்கப்பன் மகன்தான், ஒத்துக்கிறேன். மொதல்ல அதைக் கீழ எறக்கு."