கதவுக்கு வெளியே சீதா

ஒட்டுப்பொட்டைக் கழற்றிக் கதவு நிலையில் ஒட்டிய பிறகுதான் சீதை செருப்பை மாட்டுவார். வெள்ளவத்தையில் அவருடைய மூன்றாம் மாடி வீட்டு நிலையில் கறுப்பும் சிவப்புமாகப் பொட்டுகள் எறும்பு வரிசை போல ஏறிக்கொண்டிருக்கின்றன. வீடு திரும்பியதும் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வார். கோயிலுக்குப் போகிற நாளில்கூடக் கோயில் வாசலில்தான் பொட்டு நெற்றிக்கு ஏறும்.

தடுக்கி விழுந்தால் தமிழர் மேல் விழுகிற வெள்ளவத்தையில் தமிழை ஒளிக்கிற ஆள் இவர் ஒருவராகத்தான் இருக்கும். வங்கியிலும் மருந்துக்கடையிலும் முச்சக்கர வண்டியிலும், முன்பின் தெரியாத யாரோடும் சிங்களம்தான். அதுவும் பிழை பிடிக்க முடியாத சிங்களம். "வாய்தான் ஆளைக் காட்டிக்குடுக்கும்" என்று தங்கைக்குத் தொலைபேசியில் சொல்வார், ஜன்னலைச் சாத்திவிட்டு.

சிரிக்கலாம்தான். ஆனால் எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பின் காலி வீதியில் காரை மறித்தவர்களுக்குச் சின்னப்பிள்ளை சீதை சிங்களத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின் சீற்றில் இருந்த அப்பா பதறிப்போய்த் தமிழில் வாய் திறந்துவிட்டார். அவரை மட்டும் இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

ஜவாஹிறாவும் அவளுடைய தங்கை ஷஸ்னாவும் கொம்பனித்தெருவிலிருந்து அண்மையில்தான் இந்தப் பக்கம் குடிவந்தார்கள். காலை நடையில் தண்டவாளத்தைக் கடக்கும்போது ஜவாஹிறா சிங்களத்தில் நேரம் கேட்டாள். சீதை சிங்களத்தில் சொன்னார், பெயரையும் சிங்களவர் போலச் சீதா என்றார். அதோடு அவர் "சீதா அக்கே" ஆகிவிட்டார். அபாயா அணிந்த இந்த இருவரும் வீட்டில் பேசுவது தமிழ் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். அதற்குள் சகோதரிகள் அவர் முன்னாலேயே தமிழில் மனம் விட்டுப் பேசத் தொடங்கிவிட்டார்கள். கட்டாரில் இருக்கும் ஷஸ்னாவின் கணவன் வேறொருத்தியோடு வாழ்வதும், அது அவர்களுடைய உம்மாவுக்கே தெரியாது என்பதும் சீதையின் காதில் விழுந்துவிட்டன. இனி எந்த முகத்தோடு சொல்வது?

போன சனிக்கிழமை நடை முடிந்து ஸ்டேசன் பக்கம் வந்தபோது அளுத்கமை ரயில் வந்து நின்றது.

"ராத்தா, ஏறுவமா? பெந்தோட்டக்குப் பெய்த்து அந்திக்கு வருவம்" என்று அக்காவிடம் தமிழில் சொன்னாள் ஷஸ்னா. "சீதா அக்கே பாவம், தனியா ஈக்கிறவங்க. அவங்களயும் கூப்புடுவம்."

சீதை ஒன்றும் விளங்காதவர் போலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதே அழைப்பு சிங்களத்தில் வந்த பிறகுதான் திரும்பி, சரி போவோம் என்று சிங்களத்தில் தலையாட்டினார். அவரை யாரும் எங்கும் கூப்பிட்டு வெகு காலம். மாற்றுத்துணிகூட இல்லாமல் ஏறியவருக்குப் பாணந்துறை தாண்டியும் சிரிப்பு அடங்கவில்லை.

பெந்தோட்டையில் கடல் கலங்கிக் கிடந்தது. ஜவாஹிறா மாங்காய் அச்சாறு வாங்கப் போயிருந்தாள். அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்த ஷஸ்னாவின் காலடி மணலைக் கடல் வாரிக்கொண்டு போனது. அவள் விழுந்தாள். அடுத்த அலை அவளை இழுத்தது.

"ஐயோ பிள்ளை! ஷஸ்னா! கையைத் தாங்கோ! இங்கால வாங்கோ, இங்கால!"

சீதையின் தமிழ் கரை முழுக்கக் கேட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அவளுடைய கையை எட்டிப் பிடித்த சீதை, பிடியை விடவில்லை. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த சிங்களக் குடும்பம் ஓடிவந்து இருவரையும் கரையில் சேர்த்தது, ஈரம் துடைக்க ஒரு துவாயும் கொடுத்தது.

ஷஸ்னா இருமி முடித்து நிமிர்ந்தாள். "நீங்க தமிழா?"

சீதை வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப நாங்க பேசினதெல்லாம்..."

"ஓம். எல்லாம் விளங்கினது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை, பிள்ளை. சொல்லவும் மாட்டன்."

ஷஸ்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அச்சாற்றோடு வந்த ஜவாஹிறா திகைத்துப்போய் நின்றாள். சீதை அப்பாவுக்கு நடந்ததைச் சொன்னார், தட்டுத் தடுமாறி, தமிழில். குடும்பத்துக்கு வெளியே அவர் வாய் திறந்து அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்த பிறகும் ஷஸ்னா கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வராது வந்த இரண்டு சிநேகிதிகளும் இன்றோடு போனார்கள் என்றே சீதைக்குப் பட்டது.

கடைசியில் ஷஸ்னா திரும்பினாள். "ஒங்கட பேரு சீதாதானா? முழுப் பேரச் செல்லுங்க."

சீதை இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பிறகு நனைந்த முக்காட்டோடு இருந்த அவளுடைய தலையைக் கையால் வளைத்துத் தன் வாயருகே கொண்டுவந்து, அப்பாவின் பெயரையும் சேர்த்து, காதுக்குள் சொன்னார்.